பஞ்ச காலத்தில் எழுந்த மண்டபம்: சென்னைப் பல்கலைக்கழகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, ஆட்சிப்பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2032 செப்டம்பர் 5 அன்று நம் பல்கலைக்கழகத்துக்கு 175 ஆண்டு நிறைகிறது. அதிக நாள் இல்லை. கல்லூரி விழாக்கள் எப்படி நடக்கும் என்பது கல்லூரியில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் இருக்கும்போது குழு போடுவார்கள். குழு ஒரு மலர் கொண்டுவரும். அதில் வாழ்த்துரைகள், துணைவேந்தர்களின் படங்கள், கட்டடங்களின் படங்கள், துறைகளின் பட்டியல் இருக்கும். மலரை வாங்கியவர் ஒருமுறை புரட்டிவிட்டு அலமாரியில் வைப்பார். நம் பல்கலைக்கழகத்துக்கு அப்படி ஒரு மலர் போதாது என்று சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் வரலாறு படித்ததும் உங்களிடம்தான், வரலாறு கற்பித்ததும் உங்கள் கல்லூரிகளில்தான். 1975-ல், நெருக்கடிநிலை அறிவித்துச் சில வாரங்களே ஆகியிருந்தபோது, இளங்கலை வகுப்பில் சேர்ந்தேன். பெரம்பூரில் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டும் வேலை. பட்டம் வாங்கிக்கொண்டு வந்த அன்று, அம்மா அந்தத் தாளை இரண்டு கைகளாலும் வாங்கி, தன் கல்யாணப் புடவை இருந்த தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். அந்த உரிமையில் கேட்கிறேன். பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எழுதும்போது, நாட்டில் என்ன நடந்தது, உலகத்தில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். அதற்கு வேண்டிய தாள்களை இன்றே காப்பாற்றத் தொடங்குங்கள்.

பிறந்த தேதியையே எடுத்துக்கொள்வோம். 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் வந்தது என்று எல்லாப் பாடநூல்களிலும் ஒரே வரியாக இருக்கும். தேதிகளைப் பிரித்துப் பாருங்கள். கல்கத்தாவுக்கு ஜனவரி 24, பம்பாய்க்கு ஜூலை 18, சென்னைக்குச் செப்டம்பர் 5. மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தது மே 10. கல்கத்தாவின் சட்டம் வந்தபோது நாடு அமைதியாக இருந்தது. நம்முடைய சட்டம் வந்தபோது டெல்லி சிப்பாய்களின் கையில் இருந்தது. மதிலுக்கு வெளியே கம்பெனிப் படை பெரிய பீரங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 14 அன்று, காஷ்மீர் வாசலை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் அச்சகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் வாய்ப்பூட்டுப் போடும் சட்டமும் வந்தது.

அச்சகத்தைப் பூட்டிய அரசு அதே ஆண்டில் பல்கலைக்கழகத்தை ஏன் திறந்தது? ஆண்டுதோறும் முதல் வகுப்பில் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன். கிளார்க்குகள் வேண்டும் என்பதற்காக என்று உடனே ஒரு பதில் வரும். அது பாதிதான். 1839-லேயே சென்னை மாகாண மக்கள் 70,000 பேர் கையெழுத்திட்டு, உயர்கல்விக்கு வழி செய்யுங்கள் என்று கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். தந்தியும் ரயிலும் வராத காலத்தில் 70,000 கையெழுத்து. அரசு கொடுத்தது ஒரு பக்கம். மக்கள் கேட்டது மறுபக்கம். மலர்களில் பெரும்பாலும் முதல் பக்கம்தான் வருகிறது.

அடுத்து, முதல் பட்டதாரிகள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதல் பி.ஏ. தேறியவர்கள் இருவர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார். அமெரிக்க மிஷனரிகள் நடத்தி 1855-ல் மூடிவிட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்றவர்கள். கடல் கடந்து வந்து நம் பட்டியலின் முதல் வரியில் பெயர் எழுதிக்கொண்டவர்கள். தாமோதரம்பிள்ளை அரசுக் கணக்குத் துறையில் வேலை பார்த்தார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். அதற்கு நடுவில்தான் ஊர் ஊராக ஏடு தேடினார். 1881-ல் வீரசோழியம், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை என்று அச்சேற்றினார். ஏட்டை எடுத்தால் ஓரம் சொரிகிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முரிகிறது என்று அவர் வருந்தி எழுதியதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். நம் முதல் பட்டதாரி தம் வாழ்நாளைச் செலவிட்ட வேலை, அழியப்போகும் எழுத்தைக் காப்பாற்றுவது. மடலின் கடைசியில் நான் கேட்கப்போவதும் அதுதான். ஆகவே அவரை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இனி, நான் இந்த மடலில் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சொல்ல விரும்பும் ஒன்றுக்கு வருகிறேன்.

நம் பட்டமளிப்பு மண்டபமான செனட் ஹவுஸைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இரண்டு உணர்வுகள் சேர்ந்து எழும். ராபர்ட் சிஷோம் வடிவமைத்த அந்த மண்டபம் அழகு, சந்தேகமே இல்லை. வண்ணக் கண்ணாடி வழியாக மாலை வெயில் தரையில் விழும்போது பேச்சு தானாகவே அடங்கிவிடும். ஆனால் அது கட்டப்பட்ட ஆண்டுகள் 1874 முதல் 1879 வரை. அதே ஆண்டுகளின் நடுவில்தான் தாது வருடப் பஞ்சம் வந்தது.

தாது வருடப் பஞ்சம் என்ற பெயரை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்தது. ஆனாலும் சோற்றைச் சிந்தினால், 'தாது வருசத்துல ஒரு பருக்கைக்குச் செத்தாங்க' என்பார். 1876-ல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் சரியாகப் பெய்யவில்லை. அதே ஆண்டுகளில் வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் வானம் பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. அது உலகம் முழுவதையும் வாட்டிய வறட்சி. நம் மாகாணத்தில் மட்டும் செத்தவர்கள் பல லட்சம். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்துக்கொண்டிருந்தபோது, இங்கே கிராமங்கள் காலியாகிச் சென்னைப் பட்டணத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தன.

நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு கூலி கொடுக்கலாம் என்று பெரிய விவாதமே நடந்தது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, வளர்ந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைந்த தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர், நாளெல்லாம் மண் சுமப்பவன் அதில் உயிர் வாழ முடியாது என்று எதிர்த்து வாதாடினார். அப்படி மண் சுமந்தவர்கள் 1877-லும் 1878-லும் வெட்டியதுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு, சுமார் எட்டுக் கிலோமீட்டர். சேப்பாக்கம் வழியாகப் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் அந்தக் கறுப்புத் தண்ணீர் அதுதான். செனட் ஹவுஸிலிருந்து நடந்து போகும் தூரம். ஒரே பகுதியில், ஒரே ஆண்டில், இந்தப் பக்கம் பட்டமளிப்புக்கு ஒரு மண்டபம் எழுகிறது. அந்தப் பக்கம் ஒரு ராத்தல் தானியத்துக்கு ஒரு கால்வாய் வெட்டுகிறார்கள்.

மண்டபத்தைக் கட்டியது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த மண்டபம் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு அம்மாவின் தகரப் பெட்டியில் வைக்க ஒன்றும் இருந்திருக்காது. மண்டபத்தின் வரலாற்றைச் சொல்லும் இடத்தில் கால்வாயின் வரலாறும் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்கிறேன். அந்தப் பஞ்சத்தில் பல்லாயிரம் பேர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். பட்டம் படிக்க இலங்கையிலிருந்து இங்கே வந்தவர்களும், பிழைக்க இங்கிருந்து இலங்கைக்குப் போனவர்களும் ஒரே கடலைக் கடந்தவர்கள். இரு பயணங்களும் ஒரே அத்தியாயத்தில் வரட்டும்.

அந்தப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் வேறு சிலவும் நடந்தன. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் பின்னாளில் லண்டனில் புகழ்பெற்ற மருத்துவரானார். 1878-ல் முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கி எழுதியபோது, திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 'தி ஹிந்து' அப்படித்தான் தொடங்கியது. வாய்ப்பூட்டுச் சட்டம் வந்த ஆண்டில் பிறந்த பல்கலைக்கழகத்தின் நிழலில் படித்தவர்கள், இருபத்தொரு ஆண்டுகளில் சொந்தமாகப் பத்திரிகை நடத்த வந்துவிட்டார்கள்.

இப்போது 1914-க்கு வாருங்கள். எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு வகுப்பு நடத்துவது என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த ஆண்டைத்தான் சொல்வேன்.

மார்ச் 17 அன்று கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தவறியவர் அவர். தவறவைத்த தேர்வு நம்முடையதுதான். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர விதியில் இடம் உண்டா என்று ஆட்சிக்குழுவில் பேச்சு எழுந்தது. முடிவில் 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் என்று தீர்மானமாயிற்று. மறு ஆண்டு கேம்பிரிட்ஜுக்குப் போகவும் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது அதே ஆட்சிக்குழு. உங்களுக்கு முன் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்த மிகச் சிறந்த காரியம் இது என்று நினைக்கிறேன். தங்கள் தேர்வு அளந்துவிடாத ஒன்றும் உண்டு என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

ஜூலையில் சென்னைக் கடற்கரையில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி திறந்தது. பின்னாளில் ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. அது திறந்து சில வாரங்களில் உலகப் போர் மூண்டது. ராமானுஜன் போய்ச் சேர்ந்த கேம்பிரிட்ஜில் மாணவர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். டிரினிட்டி கல்லூரியின் ஒரு முற்றத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். செப்டம்பர் 22 இரவு போர் சென்னைக்கே வந்தது. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் கரையருகே வந்து எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு பொழிந்துவிட்டுப் போனது. எண்ணெய் பற்றி எரிந்த வெளிச்சத்தில் பட்டணம் பாதி காலியானது. சாமர்த்தியமும் துணிச்சலும் உள்ள ஆளை 'எம்டன்' என்று என் அப்பா சொல்வார். ஒரு கப்பலின் பெயர் அப்படித் தமிழில் தங்கிவிட்டது.

அதே 1914-ன் கணக்கு இன்னொன்று. பல்கலைக்கழகத்தின் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் பிராமணர் 452, பிராமணரல்லாத இந்துக்கள் 124, மற்றச் சமூகத்தார் 74. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்ப்பேன். யாரும் எதுவும் பேசமாட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து நீதிக்கட்சி பிறந்ததற்கும், 1921-க்குப் பிறகு சமூகவாரியாக இடம் ஒதுக்கி வந்த வகுப்புரிமை ஆணைகளுக்கும், 1923-ல் நம் பல்கலைக்கழகம் புதுச் சட்டம் பெற்றதற்கும் பின்னணி இந்த மூன்று எண்கள்தான். அந்த ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் சென்னை உயர்நீதிமன்றம் போனார். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி வெடித்தது. ஜூன் மாதம் அரசியலமைப்பில் முதல் திருத்தம் வந்தது. சென்னையின் மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் யாருக்கு இடம் என்ற கேள்விதான் இந்தியாவின் அரசியலமைப்பையே திருத்த வைத்தது. இதைவிடப் பெரிய செய்தி எந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் இருக்கும்? ஆயினும் விழா மேடைகளில் இதைச் சொல்லத் தயங்குகிறோம். யார் உள்ளே வந்தார்கள், யாருக்குக் கதவு அடைத்திருந்தது என்பதைச் சொல்லாத வரலாறு மில் தொழிலாளியின் மகளான எனக்கு வேண்டாம்.

இன்னும் எத்தனையோ உண்டு. 1913-ல் வேலை தொடங்கிய தமிழ்ப் பேரகராதி 1936-ல்தான் முடிந்தது. இடையில் ஓர் உலகப் போர், ஒத்துழையாமை இயக்கம், உப்புச் சத்தியாக்கிரகம். வெளியே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தபோது உள்ளே ஒருவர் ஒரு சொல்லுக்கு ஏழாவது பொருளைத் தேடிக்கொண்டிருந்திருப்பார். அது வீண் வேலையல்ல. இன்றும் நான் சந்தேகம் வந்தால் அதைத்தான் திறக்கிறேன். காகிதத்தில் அல்ல, சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில். 1924-ல் நூலகராகச் சேர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் இங்கே இருந்தபடியே நூலகவியலின் ஐந்து விதிகளையும் நூல்களை வகைபிரிக்கும் கோலன் பகுப்பு முறையையும் உலகுக்குக் கொடுத்தார். 1937 ஜூலையில் ராஜாஜி அமைச்சரவையின் சட்டமன்றம் முதலில் கூடிய இடம் நம் செனட் ஹவுஸ்தான். மைசூர், ஆந்திரா, அண்ணாமலை, திருவிதாங்கூர் என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து போய் நம் எல்லை சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை வரைபடமாகப் போட்டால், தென்னிந்திய மாநிலங்கள் உருவான கதை பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

1957-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நூற்றாண்டு விழா. அந்த ஆண்டு ஏப்ரலில் நயா பைசா வந்தது. டிசம்பரில் நம் பல்கலைக்கழகத்துக்குப் பத்து நயா பைசா தபால்தலை வந்தது. அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களை டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் படியெடுத்து வெளியிட்டதும் அந்த ஆண்டில்தான். கிண்டி வளாகத்தில் அப்போது ஜி. என். ராமச்சந்திரன் இருந்தார். 1952-ல், முப்பது வயதில், சி. வி. ராமனின் பரிந்துரையில் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அழைத்துவந்தவர். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னார். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வெளிவந்த மறு ஆண்டு அது. ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன் அடுத்த வளாகமான தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. கேம்பிரிட்ஜில் பெரிய பெரிய ஆட்கள் அதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். சுதந்திரம் வந்து ஏழே ஆண்டுகள் ஆன நாட்டில், கிண்டியில் ஓர் ஆய்வகம் அவர்களோடு சமமாக நின்றது. இன்று உலகில் எங்கே புரதத்தைப் படித்தாலும் 1963-ல் இங்கே வரைந்த ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் படிக்க முடியாது.

1965-ல் மொழிப்போரில் கல்லூரிகள் மூடியதும், இரண்டு ஆண்டில் ஒரு மாணவர் தலைவர் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்ததும், ஆட்சி மாறியதும் உங்களில் பலர் கண்ணால் பார்த்தவை. நான் விவரிக்கத் தேவையில்லை. பார்த்தவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். கடைநிலை ஊழியராய் ஒரு சோதனைச்சாலையில் முப்பது ஆண்டு குடுவை கழுவியவருக்கும் சொல்ல நிறைய இருக்கும்.

இனி தாள்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆய்வுக்குழு வரப்போகிறது என்று வெள்ளையடித்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். இது அந்த ஒரு கல்லூரியில் மட்டும் நடப்பதல்ல. ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து வந்தேன். தாழ்வாரத்தில் பழைய பேப்பர் வியாபாரி தராசைத் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் பதிவேடுகள். கெட்டி அட்டை, தோல் முதுகு, நூலால் தைத்த நீளப் புத்தகங்கள். ஒவ்வொன்றாக அட்டையைப் பிய்த்துத் தனியாகப் போட்டார். அட்டைக்கு வேறு விலை, தாளுக்கு வேறு விலை. பிய்க்கும்போது எழும் தூசியில் தும்மிக்கொண்டே எடை போட்டார்.

குனிந்து ஒன்றை எடுத்தேன். மாணவர் சேர்க்கைப் பதிவேடு. பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று பத்திகள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. விலகிய தேதி என்ற பத்தியில் மேலிருந்து கீழ் வரை ஒரே வாரத்தின் தேதிகள். 1942 ஏப்ரல். ஒரே பேனா, ஒரே மை, ஒரே கையெழுத்து; கடைசி வரிகளில் எழுத்து சாய்ந்து ஓடுகிறது, எழுதியவர் அவசரத்தில் இருந்திருக்கிறார். ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னை காலியான வாரங்கள் அவை. உயர்நீதிமன்றமே கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. இதையெல்லாம் நான் பல ஆண்டு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மாற்றுச் சான்றிதழுக்காக வரிசையில் நின்ற பையன்கள். மூட்டை கட்டிய வீடுகள். எழும்பூரில் ரயிலுக்கு அடித்துக்கொண்ட கூட்டம். சிலருடைய பெயருக்கு எதிரே மறு ஆண்டு தேதியில், மீண்டும் சேர்ந்தார் என்று குறிப்பு இருந்தது. பலருக்கு இல்லை.

அந்த ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். மற்றவற்றையும் கேட்டேன். வண்டி ஏறிவிட்டது. அன்று நான் இன்னும் உரக்கக் கத்தியிருக்க வேண்டும் என்று இன்று வரை வருந்துகிறேன்.

ராமானுஜன் சாகும் வரை எழுதிய தாள்களைப் பல்கலைக்கழகம் 1923-ல், கேம்பிரிட்ஜுக்கு அவரை வரவழைத்த கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிவைத்தது. ஹார்டியிடமிருந்து அவை வாட்சன் என்ற கணித மேதையிடம் போய்ச் சேர்ந்தன. வாட்சன் இறந்தபின் அவர் வீட்டு அறையில் தரையெங்கும் கிடந்த தாள்களை எரிப்பதாக இருந்தார்கள். சில நாள் முன்னதாக ஒருவர் போய்ப் பார்த்ததால் தப்பின. 1976-ல் டிரினிட்டி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். அதைத்தான் தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று உலகம் கொண்டாடுகிறது. எரிக்கப்போனவர்கள் கெட்டவர்கள் இல்லை. அது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தராசு தொங்கவிட்ட வியாபாரிக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நீங்கள்.

ஆகவே கேட்கிறேன். இணைவிப்புப் பெற்ற எல்லாக் கல்லூரிகளுக்கும் பதிவாளர் கையெழுத்தில் ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்: 1980-க்கு முந்தைய எந்தப் பதிவேட்டையும் எங்கள் அனுமதி இல்லாமல் கழிக்கக் கூடாது என்று. இதற்குப் பணம் தேவையில்லை. நிதி நெருக்கடி இருப்பதை அறிவேன். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு துணைவேந்தர் நாற்காலி காலியாகக் கிடந்ததையும், ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகத்தைச் சுமந்ததையும் அறிவேன். அதற்காகக் காத்திருந்தால் கரையான் காத்திருக்காது, கடற்காற்றும் காத்திருக்காது. மெரினாவில் இரும்புக் கம்பியையே தின்கிற காற்று தாளை விடுமா?

அடுத்து, ஆட்சிக்குழுவின் பழைய தீர்மானப் புத்தகங்கள், பல்கலைக்கழக நாட்காட்டிகள், பட்டமளிப்பு உரைகள், வினாத்தாள்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துப் படம்பிடித்து யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வையுங்கள். வினாத்தாளை அற்பமாக நினைக்காதீர்கள். 1858-ன் பட்டதாரி எதைப் படித்தான், 1943-ல் எதைக் கேட்டார்கள், 1976-ல் எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. வரலாற்றுத் துறை முதுகலை மாணவர்களுக்கு ஆளுக்கு ஓர் ஆண்டு கொடுங்கள். ஒருவர் 1877, ஒருவர் 1914, ஒருவர் 1942. பல்கலைக்கழகத்தின் தாள் ஒன்று, அந்த ஆண்டுப் பத்திரிகை ஒன்று, உலகத்துச் செய்தி ஒன்று என்று மூன்றையும் அருகருகே வைத்து எழுதட்டும். தமிழில் எழுதட்டும். பேரகராதி செய்த பல்கலைக்கழகத்தின் வரலாறு முதலில் தமிழில் வர வேண்டும். மொழிபெயர்ப்பாகப் பின்னால் வரக் கூடாது.

பஞ்சத்தை மறைக்க வேண்டாம். 650 பேர் கணக்கை மறைக்க வேண்டாம். ராமானுஜனைத் தேர்வில் தவறவைத்ததையும் மறைக்க வேண்டாம். அதைச் சொன்னால்தான் அவருக்கு 75 ரூபாய் கொடுத்த ஆட்சிக்குழுவின் பெருமை விளங்கும்.

அந்தச் சேர்க்கைப் பதிவேடு முப்பது ஆண்டுகளாக என் வீட்டு அலமாரியில் வேப்பிலையோடு இருக்கிறது. ஓரம் உதிரத் தொடங்கிவிட்டது. எனக்கும் எழுபதை நெருங்கிவிட்டது. எந்த அலுவலகத்தில், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். மறுநாளே பஸ் பிடித்து எடுத்துக்கொண்டு வருகிறேன். ரசீது மட்டும் கொடுங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்
பெரம்பூர், சென்னை